ஆறு எழுத்து போதும், வாசிக்கத் தொடங்கலாம்

முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் அ முதல் ஃ வரை பாட்டுப் போலச் சொல்லிவிடுவார்கள். அட்டையை மறைத்துவிட்டு 'ஏ' மட்டும் தனியாக எழுதிக் காட்டுங்கள். உதடு மட்டும் அசையும். அ-விலிருந்து ஓடி வந்துதான் அந்தப் பிள்ளை 'ஏ'-யைப் பிடிக்கும். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் 19 ஆண்டுகளாக ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறேன். 247 எழுத்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல்லுக்குப் போவது என்ற வழக்கத்தை, இந்த உதட்டசைவைப் பார்த்துப் பார்த்தே விட்டேன்.

நான் தொடங்குவது ட, ப, ம. மூன்றும் கோடு போல எழுத வருபவை. கூடவே புள்ளியையும் சொல்லிக்கொடுத்துவிடுவேன். மெய்யெழுத்தைத் தனிப் பாடமாக ஒத்திப்போட வேண்டாம். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். அடுத்த வாரம் க, ர, ல. இப்போது மரம், கடல், பகல், கல், பல், மடல், பக்கம், கப்பல். ஆறே எழுத்தில் ஒரு கரும்பலகை நிறையச் சொற்கள். பள்ளியில் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு பிள்ளை தானாகக் 'கப்பல்' என்று வாசித்துவிட்டால், அப்புறம் அதன் முகமே வேறு.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கடல், பகல், பக்கம் மூன்றிலும் இருப்பது ஒரே க-தான். ஆனால் மூன்று இடத்தில் மூன்று ஒலி. இதற்கு விதி சொல்லி ஆறு வயதுப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம். முதலில் எழுத்தைக் கூட்டி 'பக்கல்' என்று வாசிக்கும். அப்படி ஒரு சொல் அதற்குத் தெரியாது, 'பகல்' தெரியும். தானே திருத்திக்கொள்ளும். அதனால்தான் முதல் ஆறு மாதம் பிள்ளை வீட்டில் கேட்டிருக்கும் சொற்களைத் தவிர வேறு எதையும் வாசிக்கக் கொடுக்க மாட்டேன்.

அடுத்து துணைக்கால். கால், பால், மாமா, காகம், பாலம் என்று போனால் சிரமமே இருக்காது. சிக்கல் கொம்பில் வரும். 'பெ' என்று எழுதினால் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ப்-ஐ. இதற்கு நான் அட்டையை வெட்டி வைத்திருக்கிறேன். ப ஓர் அட்டை, கொம்பு ஓர் அட்டை. முதலில் ப-வை மேசையில் வைத்துச் சொல்லச் சொல்வேன். பிறகு கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து ஒட்ட வைத்தால், அதே ப 'பெ' ஆகிவிடும். கையால் நான்கு நாள் ஒட்டி, எடுத்து, ஒட்டினால் கண் பழகிவிடும். 'கொ' எழுதும்போது கொம்பு போட்டுவிட்டுக் காலை மறப்பார்கள். அதற்கும் இதே அட்டைதான். 'கௌ' வரிசைக்கு அவசரமே இல்லை, மூன்றாம் பருவம் வரை போகட்டும்.

உகரம்தான் நிஜமாகவே கடினம். ஒரே குறி இல்லை. அதனால் அகர வரிசையில் நடத்தாமல் வடிவத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு கீழே இறங்கும் கோடு. து, நு, ணு, லு, று, னு வால் சுருட்டுபவை. ஒரு குடும்பம் கையில் பழகும் வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

வீட்டில் தாத்தா பாட்டி சொல்லிக்கொடுத்தால் சில பிள்ளைகள் லை, னை-யைத் தும்பிக்கை போட்டு எழுதி வருவார்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு படித்தவர்களின் எழுத்து அது. தப்பு என்று அடித்துவிடாமல், "பாட்டி எழுதுறது பழைய முறை கண்ணு, நாம இப்படி எழுதுவோம்" என்று சொன்னால் போதும். பாட்டி நாளையும் சொல்லிக்கொடுக்க வேண்டுமே.

எழுதுவதற்குப் பென்சிலை முதல் நாளே கொடுக்க வேண்டாம். தட்டில் மணல், பிறகு தரையில் சாக்பீஸ், பிறகு சிலேட்டு. பெரிதாக எழுதிப் பழகிய கைதான் நோட்டின் கோட்டுக்குள் அடங்கும்.

ஒரு பிள்ளை தன் சொந்த வாக்கியத்தை எழுதும் நாள் வரும். காலையில் ஒருவரைக் கூப்பிட்டு நேற்று என்ன நடந்தது என்று கேட்பேன். "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சி டீச்சர்" என்பாள். சொன்னதை அப்படியே பலகையில் எழுதுவேன். தான் சொன்னது எழுத்தாக நிற்பதை அவள் வாசிப்பாள், மற்றவர்களும் வாசிப்பார்கள். அதன் கீழே "எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டது" என்று எழுதி, இது புத்தகத்தில் வரும் பேச்சு என்பேன். வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று சொல்லி வாயை அடைத்துவிட்டால் அந்தப் பிள்ளை எழுதவே வராது. இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. பிழை திருத்துவதிலும் நிதானம் வேண்டும். ஒரு பக்கத்தில் பத்துப் பிழை இருந்தாலும் அன்றைக்கு ஒன்றைத்தான் எடுப்பேன்.

2022 ஜூனில் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். மூன்று வகுப்பை ஒன்றாக வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு அது உதவிதான். ஆனால் ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் அரும்பிலேயே இருந்தால், நான் கற்பித்த விதத்தைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

கணக்குக்கு வருகிறேன். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஒரு கை புளியங்கொட்டையைக் கொடுத்துப் பதினேழு எடுக்கச் சொல்லுங்கள். வாய் கையை முந்திக்கொண்டு ஓடும். ஒரு கொட்டைக்கு ஒரு எண் என்று நகர்த்தி வைக்கப் பழகும் வரை நோட்டில் எண் எழுதவைக்காதீர்கள். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் நல்லது. குழிக்கு 5 போட்டால் 14 குழிக்கு 70 கொட்டை. ஐந்து ஐந்தாக எண்ணுவது ஆட்டத்திலேயே வந்துவிடும்.

எண் பெயர்களில் நம் மொழி பெரும்பாலும் துணை நிற்கும். இருபத்து மூன்று என்றால் இருபதும் மூன்றும். ஆனால் தொண்ணூறில் இடறும். எண்பதுக்கு அப்புறம் ஒன்பதை வைத்து ஒரு பெயர் வரும் என்று பிள்ளை எதிர்பார்க்கும், வருவதோ 'நூறு' என்று முடியும் பெயர். தொண்ணூற்றைந்தை 905 என்று எழுதினால் அது கவனக்குறைவு இல்லை, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறது. நூற்றைந்தை 1005 என்று எழுதுவதும் அப்படித்தான். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வையுங்கள், பெரிய எண்கள் இலவசமாகக் கிடைக்கும். அவற்றிலிருந்து 1 முதல் 9 வரை எடுத்து, 10, 20, 100 எல்லாம் நீங்களே அதே அளவில் எழுதிக்கொள்ளுங்கள். 100-இன் கடைசி 0-வின் மேல் 5-ஐ வைத்தால் 105. 5-ஐத் தூக்கினால் அடியில் 0 தெரியும். மறுபடி 1005 வராது.

கழித்தலில் 'கடன் வாங்கு' என்று சொல்லவே மாட்டேன். தென்னை ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். 42-ல் 17 போக வேண்டும் என்றால், கையில் நான்கு கட்டு, இரண்டு குச்சி. ஏழு குச்சி எடுக்க முடியவில்லை, ஒரு கட்டை அவிழ்க்கிறோம். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு குச்சி. குறைந்தது பத்து நாள் அவிழ்த்த பிறகுதான் நோட்டு.

வாக்கியக் கணக்கில் 'மொத்தம்' என்று பார்த்ததும் கூட்டிவிடுவார்கள், மீதியைப் படிக்கமாட்டார்கள். அதனால் விடை போடும் முன் படம் வரையச் சொல்கிறேன். இன்னும் நல்லது, பிள்ளைகளையே கணக்கு எழுதச் சொல்வது. போன வாரம் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது: "எங்க வீட்டில் 12 கோலி இருந்தது. கீரி 3 தூக்கிக்கிட்டு போச்சி. மிதி எத்தனை?" வகுப்பே சேர்ந்து 9 என்றது. அன்றைக்குக் 'கோழி'யை மட்டும் திருத்தினேன். 'மீதி'யை மறுநாள் எடுத்துக்கொண்டோம்.