புவாங்கோக் கம்பத்துக்கு ஒரு நடை

சிங்கப்பூர்ப் பெருநிலத்தில் மிஞ்சியிருக்கும் கடைசிக் கம்பம், அதாவது பழைய பாணிக் கிராமம், லோரோங் புவாங்கோக். 1956இல் ஒரு சீன மருந்து வியாபாரி வாங்கிய நிலம் அது. இயோ சூ காங் சாலையிலிருந்து ஜெரால்ட் டிரைவுக்குள் திரும்பிக் கொஞ்சம் நடந்தால் போதும், தார் சாலை முடிந்து மண் பாதை வந்துவிடும்.

மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். தாழ்வான இடம், அந்தக் காலத்தில் வெள்ளம் வந்தால் சாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கணும், அதனாலேயே மலாயில் ‘செலாக் காயின்’ கம்பம் என்று பேர் வாங்கிய ஊர். நான் வெள்ளைச் சப்பாத்தோடு போய் அனுபவப்பட்டவன்.

முப்பதுக்கும் குறைவான வீடுகள்தான், அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். துத்தநாகக் கூரை, தலைக்கு மேலே மின்கம்பி, சின்னதாக ஒரு சூராவ் (முஸ்லிம்களின் தொழுகைக் கூடம்), மரத்தடியில் ஒரு சைக்கிள்.

அப்புறம் ஒன்று, இது அருங்காட்சியகம் இல்லை, ஆட்கள் குடியிருக்கும் இடம். கொடியில் காயும் துணியையோ வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியையோ கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேலிக்குள் கால் வைக்காதீர்கள். கும்பலாகவும் போகவேண்டாம், இரண்டு மூன்று பேர் சரி. தண்ணீரும் கொசு மருந்தும் மறக்காதீர்கள்.