பர்ஸ், கார்டு ஹோல்டர் தைக்க எந்த மெஷின் வாங்கலாம்?

திருப்பூர்லயோ கோயமுத்தூர்லயோ மெஷின் கடையில போய் "தோல் தைக்கோணும்"னு சொல்லிப் பாருங்க. "இது எல்லாத்தையும் தைக்குமுங்க"ம்பாங்க. பொய்யில்லைங்க, ஊசி துளைச்சுப் போயிரும். தடிமன் மாறுற இடத்துல தையல் ஒரே அளவா விழுதா, தோல்ல தழும்பு விழாம இருக்குதான்னு நாமதான் பார்த்துக்கோணும். பர்ஸ், கார்டு ஹோல்டர், வாட்ச் ஸ்ட்ராப்னு சின்னச் சாமான் செய்யப்போற புதுசானவங்களுக்குத்தான் இதை எழுதறேன். பெல்ட், செருப்பெல்லாம் வேற கணக்கு.

1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு படிக்கட்டுத் துண்டு செய்யுங்க

ஈரோட்டுத் தோல் ஷாப்புலயோ எங்கயோ, நீங்க நிஜமா தைக்கப்போற தோல்லயே செய்யோணும். 1.2 மி.மீ. தோல்ல ஒரு சாண் நீளப் பட்டை ஒண்ணு. அது மேல 0.8 மி.மீ. துண்டு மூணு, ஒவ்வொண்ணும் முந்தினதை விட ரெண்டு விரல் தள்ளி ஆரம்பிக்கிற மாதிரி ஒட்டுங்க. இப்ப 1.2, 2, 2.8, 3.6 மி.மீ.ன்னு நாலு படி வந்திருச்சு. மூணு கார்டு பாக்கெட் வெச்ச பர்ஸோட ஓரம் இப்படித்தான் இருக்கும். இது மாதிரி நாலஞ்சு துண்டு செஞ்சு பையில போட்டுக்குங்க.

2. வகை தெரிஞ்சுக்குங்க

வீட்டுல இருக்கிற கறுப்பு உஷா, சிங்கர் மிதி மெஷின்: மெல்லிசான ஆட்டுத்தோல் ரெண்டு மடிப்பு, மெல்லிசான நூல்னா தைக்கும். பழகறதுக்கு நல்லது. அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

பனியன் கம்பெனியில ஓடுற சிங்கிள் நீடில் பவர் மெஷின்: நம்ம பக்கம் பழசு எளிதா கிடைக்கும், அதனாலயே நிறையப் பேர் இதுல போய் விழுந்துடறாங்க. ஜுகி டிடிஎல்-8700 மாதிரி மெஷின் நிமிஷத்துக்கு 5,000 தையலைத் தாண்டி ஓடறதுக்குன்னே செஞ்சது. துணியை இழுக்கறது கீழ இருக்கிற பல்லு மட்டும்தான். மேல் கால் (துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்) சும்மா அழுத்திக்கிட்டு நிக்கும். தோல் படியேறும்போது அந்தக் கால் மூக்கைத் தூக்கிக்கும், தோல் வழுக்கி நிக்கும், 3.5 மி.மீ. தையல் ரெண்டு மி.மீ.யாச் சுருங்கிரும். அடியில பல்லு வரிவரியாக் கடிச்சு வெச்சிருக்கும். துணியில அது தெரியாது, தோல்ல அழியவே அழியாது.

வாக்கிங் ஃபுட் மெஷின்: கார் சீட் கவர் தைக்கிற கடையில பார்த்திருப்பீங்க. பல்லு, ஊசி, உள் கால் மூணும் சேர்ந்து நகரும். வெளிக் காலும் உள் காலும் மாத்தி மாத்தித் தூக்கிப் படியேறும். என்னைக் கேட்டா சின்னச் சாமானுக்கு முதல் மெஷின் இதுதான். ஜுகி டிஎன்யு-1541 இந்த வகை. 9 மி.மீ. வரைக்கும் தையல் நீளம் வெக்கலாம், நமக்கு 3-லிருந்து 4 போதும்.

சிலிண்டர் பெட்: அடிப்பாகம் குழாய் மாதிரி நீட்டிட்டு இருக்கும். பையோட வளைவு, கூடு மாதிரி மூடின சாமானுக்கு வேணும். தட்டையான பர்ஸுக்கு அவசரமில்லை.

செருப்புத் தைக்கிறவங்க வெச்சிருக்கிற கைச்சக்கர பேட்ச் மெஷின் மலிவா இருக்கும். ரிப்பேருக்கு அருமை. பர்ஸ் ஓரத்துல நேர்த் தையலுக்குச் சரிவராது.

3. கடையில வெச்சுத் தைச்சுப் பாருங்க

கடைக்காரரைத் தைச்சுக் காட்டச் சொல்லாதீங்க. அவர் கைவாகுல எந்த மெஷினும் நல்லாத்தான் தைக்கும். நீங்க உக்காருங்க. படிக்கட்டுல மேல ஏத்தி ஒரு வரி, கீழ இறக்கி ஒரு வரி. தையலை ஸ்கேல் வெச்சுப் பாருங்க. படியோரத்துல சுருங்குதா? திருப்பிப் போட்டு அடியில பல்லுத் தழும்பு, மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கிற முடிச்சு ரெண்டையும் பாருங்க. முடிச்சு தோலுக்குள்ள புதையோணும், பின்பக்கம் மணி மணியாத் துருத்தக் கூடாது. அப்புறம் ஓரத்துல இருந்து 3 மி.மீ. தள்ளி ஒரு வரி, மூலையில ஊசியை இறக்கி வெச்சுத் திருப்புங்க. கால் அகலமா இருந்தா ஓரமே கண்ணுக்குத் தெரியாது. ஒடுக்கமான கால் அந்த மாடலுக்குக் கிடைக்குமான்னு அங்கயே கேட்டுருங்க.

4. மோட்டார்

பழைய மெஷின்ல கிளட்ச் மோட்டார் இருந்தா மாத்தற செலவையும் சேர்த்தே விலை பேசுங்க. கரண்ட் போட்டதுல இருந்து அது முழு வேகத்துல சுத்திக்கிட்டேதான் இருக்கும், மெதுவா ஓட்டக் கால் நல்லாப் பழகோணும். சர்வோ மோட்டார் மிதிச்சாத்தான் சுத்தும், வேகத்தையும் குறைச்சு வெச்சுக்கலாம். ஒவ்வொரு தையலா எண்ணி எண்ணிப் போடற வேகம் வரோணுங்க. வரலைன்னா 3-க்கு 1 வேகக் குறைப்பு புல்லி (பெல்ட் ஓடுற சக்கரம்) போட்டா வேகம் மூணுல ஒண்ணாகும், இழுவையும் கூடும்.

5. நூல், ஊசி

பருத்தி நூல் வேண்டாம். பாண்டட் நைலான்ல (இழை பிரியாம ஒட்ட வெச்ச நைலான் நூல்) 40 டிக்கெட் நூலுக்கு 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி, தடிமனான 20 டிக்கெட்டுக்கு 21 அல்லது 22. டிக்கெட் நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும், கடையில குழம்பிடாதீங்க. ஊசி முனை தோலுக்குன்னு வெட்டினதா இருக்கோணும். டிஎன்யு-1541-க்குத் துணி ஊசி 135×17, தோல் ஊசி 135×16. அட்டையில இந்த நம்பரைப் பார்த்தே வாங்குங்க. மெஷினோட சேர்த்து எக்ஸ்ட்ரா பாபின் பத்து, ஒடுக்கமான கால் ஒரு ஜோடி கேட்டு வாங்கிக்குங்க. பணத்தைக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டாத்தான் கொடுப்பாங்க.