ஆப் போட்டும் பிள்ளை தூங்கவில்லையா? எங்கே தவறுகிறது

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டால் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளின் தூக்கம் தாறுமாறாகிவிடும். ஜூனில் பள்ளி திறந்த பிறகும் பழைய நிலைக்கு வராது. பெற்றோர் அவசரமாக ஒரு ஆப்பை இறக்குகிறார்கள், ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை வாங்கிக் கையில் கட்டுகிறார்கள். ஒரே வாரத்தில் "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். கருவியில் பெரும்பாலும் பழுதில்லை, தொடங்கிய இடம்தான் தப்பு. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ராத்திரி டீ கூடாது, படுக்கையில் போன் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

எடுத்த எடுப்பில் 9.30 மணிக்குப் பூட்டு

மிகவும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். நேற்று வரை 12.30 மணிக்குத் தூங்கிய பிள்ளையின் போனை இன்று முதல் 9.30 மணிக்கே பூட்டிக்கொள்ளும்படி, பெற்றோருக்கான கூகுளின் கட்டுப்பாட்டு ஆப்பான ஃபேமிலி லிங்கில் வைத்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பலனை அனுபவிப்பது பிள்ளை.

பருவ வயதில், தூக்க நேரம் வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் சுரக்கத் தொடங்கும் நேரமே தள்ளிப்போகிறது. இது உடலின் போக்கு, அடம் அல்ல. போதாக்குறைக்கு, ஒருவர் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடல் நன்றாக விழித்துக்கொண்டிருக்கும். 12.30 மணிக்குத் தூங்கிப் பழகியவனுக்கு 9.30 முதல் 11.30 வரை கண்ணை இறுக மூடினாலும் தூக்கம் வராது. இருட்டில் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் புரள்வான். பத்து நாள் இப்படிப் போனால், படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். முதலில் தூக்கத்தின் நேரம் மட்டும்தான் கெட்டிருந்தது. இப்போது தூங்கத் தெரியவில்லை என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. பூட்டை எடுத்த பிறகும் அந்தப் பயம் எளிதில் போவதில்லை.

எனவே பூட்டைக் கையில் எடுப்பதற்கு முன் அலாரத்தைச் சரிசெய்யுங்கள். தூங்கும் நேரத்தை நாம் ஆணையிட முடியாது, எழும் நேரத்தை ஆணையிட முடியும். மன்னார்குடிப் பக்கத்தில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் 12.30 மணிக்குத் தூங்கி 6.30 மணிக்கு எழுகிறான், ஞாயிற்றுக்கிழமை 10 மணி வரை தூங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குச் செய்ய வேண்டியது இது:

முதல் வாரம் படுக்கும் நேரத்தைத் தொடவே வேண்டாம். ஏழு நாளும் 6.30 மணிக்கு அலாரம், ஞாயிற்றுக்கிழமையும் அதே 6.30. எழுந்ததும் 20 முதல் 30 நிமிடம் வாசலிலோ மொட்டைமாடியிலோ வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதாது. ஐப்பசி மாதத்து மழை மூட்டத்தில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டுக் குழல்விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். மழை பெய்தால் திண்ணையில் உட்காரட்டும். அந்த வாரம் பகலில் கண் சொருகும். நான்கு மணிக்கு முன்னால் 20 நிமிடம் மட்டும் படுக்க விடலாம், அதற்கும் அலாரம் வையுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். 12.30 மணியிலிருந்து 10 மணிக்கு வர 150 நிமிடம், அதாவது பத்துப் படி, முப்பது நாள். பூட்டு அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்: அன்றைய படுக்கும் நேரத்துக்கு 45 நிமிடம் முன்னால். தொடக்கத்தில் 11.45 மணிக்குப் பூட்டு, கடைசியில் 9.15 மணிக்கு. பத்து மணிக்குத் தூங்கி 6.30 மணிக்கு எழுந்தால் எட்டரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது வேண்டும் என்பதால் அவர்களுக்கு இன்னும் இரண்டு படி கூடுதலாகும். ஒரு படியில் மூன்று இரவும் தூக்கம் வர அரை மணிக்கு மேல் ஆனால் அதே படியில் இன்னும் மூன்று நாள் நில்லுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

சனி, ஞாயிறுக்கு விலக்கு

பள்ளி நாளில் 12.30 முதல் 6.30 வரை தூங்கினால் தூக்கத்தின் நடுப்புள்ளி 3.30 மணி. ஞாயிற்றுக்கிழமை 2 மணிக்குத் தூங்கி 10 மணிக்கு எழுந்தால் நடுப்புள்ளி 6 மணி. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். நமக்கும் சவூதிக்கும் உள்ள நேர வித்தியாசமும் அதேதான். சனிக்கிழமை சவூதி நேரத்துக்குப் போன உடம்பைத் திங்கட்கிழமை காலை வகுப்பில் வந்து உட்காரச் சொல்கிறோம். கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று ராத்திரி விழிக்க நேர்ந்தால் மறுநாள் ஒரு மணி நேரம் தாமதமாக எழலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நள்ளிரவு டேட்டா

இதைப் பல பெற்றோர் கவனிப்பதே இல்லை. நாளுக்கு இத்தனை ஜிபி என்று வரும் பிளானில் புதுக் கணக்கு நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குகிறது. சாயங்காலமே டேட்டா தீர்ந்துபோன பிள்ளை 12 மணிக்காகக் காத்திருக்கும். அந்தப் போனுக்குத் தினசரிக் கணக்கு இல்லாத, மாதத்துக்கு மொத்தமாகத் தரும் பிளானைப் போடுங்கள். காத்திருப்பதற்கான காரணமே இல்லாமல் போய்விடும்.

இதேபோல இன்னொன்று. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகள் நிறைய. சவூதியில் இருப்பவர் வேலை முடித்து அங்கே 9 மணிக்கு வீடியோ காலில் வந்தால் இங்கே 11.30. அந்தப் பேச்சைப் பிள்ளையிடமிருந்து பறிக்கக் கூடாது. அவருடைய காலை நேரத்துக்கோ வெள்ளிக்கிழமைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். பூட்டு வைக்கும் முன்பே இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

பெட்டைம் மோடைப் பூட்டு என்று நினைப்பது

ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில், டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதிக்குள் இருக்கும் பெட்டைம் மோட் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும், அறிவிப்புச் சத்தத்தை அடக்கும். போனைப் பூட்டாது. பிள்ளை நினைத்தால் ஒரு தட்டில் அணைத்துவிடும். பூட்டுவதற்கு ஃபேமிலி லிங்கில் உள்ள டவுன்டைம் என்ற வசதி வேண்டும், அதுவும் பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கு உள்ள போனில். அம்மாவின் போனைத்தான் பிள்ளையும் பயன்படுத்துகிறது என்றால் எந்த ஆப்பும் தேவையில்லை. அம்மா படுக்கும் இடத்தில் சார்ஜ் போட்டால் போதும்.

வாட்ச் கொடுக்கும் மதிப்பெண்

கைக்கடிகாரம் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத் தூக்கத்தைக் கணிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கமாக எழுதிவிடும். ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் இவ்வளவு என்று அது காட்டும் பட்டைகள் தோராயம்தான். "உனக்கு 61 மதிப்பெண்தான்" என்று காலையில் காபிக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லாதீர்கள். மதிப்பெண்ணைத் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு ஆராய்ச்சியாளர்கள் 2017இல் ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள். தூங்கிய நேரம், எழுந்த நேரம் இரண்டை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

வாட்ச் இல்லாவிட்டாலும் குறைவில்லை. கூகுள் ஷீட்டிலோ நாற்பது பக்க நோட்டிலோ ஆறு கட்டம் போதும்: விளக்கணைத்த நேரம், தூக்கம் வர ஆன நிமிடம், இடையில் விழித்த தடவை, எழுந்த நேரம், பகல் தூக்கம், கடைசியாக டீ காபி குடித்த நேரம். காலையில் ஒரே தடவை, உத்தேசமாகப் பிள்ளையே எழுதட்டும். ராத்திரியில் மணி பார்த்து எழுதச் சொன்னால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டு சனி ஞாயிறு உள்ளே வரும்படி 14 நாள் எழுதிய பிறகே முடிவுக்கு வாருங்கள். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியோ அறுவடை இயந்திரமோ எழுப்பியிருந்தால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளை வைத்து ஆப்பைக் குறை சொல்ல முடியாது.

மஞ்சள் திரை

ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் வசதியை வைத்தாலும், நிறம் மாறுவதால் போன் விளையாட்டின் பரபரப்பு குறைவதில்லை. இதை நம்பி இருக்காதீர்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு அலாரம்

ஒன்று போதும், எட்டி அணைக்க முடியாத தூரத்தில்.

மெலடோனின்

இதை மாத்திரையாக நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

குறட்டையை ஆப்பிடம் விடுவது

வாரத்தில் பல இரவு குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது, வாய் திறந்தபடி தூங்குவது இவை இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ தொண்டையில் உள்ள டான்சிலோ வீங்கியிருக்கலாம். போன் மூலம் உண்மையான உதவி கிடைப்பது இங்கேதான்: பிள்ளை அயர்ந்து தூங்கும்போது முகமும் நெஞ்சும் தெரியும்படி, சத்தமும் பதிவாகும்படி ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.