கியர்பாக்ஸ் ஆயில் வாங்கப் போறீங்களா? டப்பாவில் முதலில் இதைப் பாருங்கள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்று "கியர்பாக்ஸுக்கு ஆயில் வேணும் அண்ணே" என்று கேட்டால், "தொண்ணூறு தரட்டா?" என்று பதில் வரலாம். உடனே தலையாட்டிவிடாதீர்கள். 90 என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை மட்டுமே சொல்லும். அதைவிட முக்கியமான எழுத்து வேறு இருக்கிறது: ஜிஎல். ஆயில் எந்த வேலைக்கு ஏற்றது என்பதை அதுதான் சொல்லும்.

படி 1: வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறங்கள். கடைசிப் பக்கங்களில் கியர்பாக்ஸ் ஆயிலின் ரகமும் அளவும் இருக்கும். 75டபிள்யூ-80 (கெட்டித்தன்மை), ஜிஎல்-4 (ரகம்) என்பதுபோலப் போட்டிருப்பார்கள். சில வண்டிகளுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) கேட்பார்கள், சிலதற்கு என்ஜின் ஆயிலே ஊற்றச் சொல்வார்கள். அதனால் பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்து வாங்க வேண்டாம்.

படி 2: ஜிஎல் எண். பலரும் சறுக்குவது இங்கேதான். ஜிஎல்-5 பெரிய எண், அதனால் நல்ல ஆயில் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடிக்காக வந்தது அது. அங்கே பல்லும் பல்லும் பலத்த அழுத்தத்தில் உரசும். அதைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த ரசாயனச் சேர்மானத்தை அதிகமாகக் கலப்பார்கள். கையால் கியர் மாற்றும் மேனுவல் கியர்பாக்ஸுக்குள் இருப்பதோ சிங்க்ரனைசர் வளையங்கள். பல வண்டிகளில் அவை பித்தளை. கியர் மாற்றும்போது அந்த வளையம் கொஞ்சம் பிடித்து உரசினால்தான் இரண்டு பக்க வேகமும் ஒன்றாகும். ஜிஎல்-5 சில வண்டிகளில் அந்தப் பிடிப்பைக் குறைத்துவிடும். சூடேறினால் பித்தளையையும் அரிக்கலாம். கியர் 'கரக்' என்று விழ ஆரம்பிக்கும். புத்தகம் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 மட்டுமே. ஜிஎல்-5 கேட்கிற கியர் பெட்டிகளும் உண்டு, அதற்கு அதையே ஊற்றுங்கள்.

படி 3: கெட்டித்தன்மை. "நம்ம ஊர் சூடுக்குக் கெட்டியா போடலாம்" என்பார்கள். டபிள்யூ போட்ட எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. 75டபிள்யூ என்பது மைனஸ் 40 டிகிரிக்கான சோதனை, 80டபிள்யூ மைனஸ் 26க்கானது; கன்னியாகுமரியில் அந்தக் குளிர் எங்கே வரப்போகிறது? ஆனாலும் 75டபிள்யூ-80 கேட்கும் பெட்டியில் 80டபிள்யூ-90 ஊற்றினால், காலையில் வண்டி எடுத்ததும் இரண்டாவது கியர் இறுக்கிப் பிடிக்கலாம். ஒரு விஷயம்: கியர் ஆயில் 90ஐ என்ஜின் ஆயிலின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அளவுகோலே வேறு; 90 ஏறக்குறைய என்ஜின் ஆயில் 40, 50 அளவு கெட்டிதான்.

படி 4: மாற்றுவது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகக் கூடாது. முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றுங்கள், அப்புறம்தான் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட். பழையதை இறக்கிவிட்ட பிறகு ஃபில்லர் கழறாவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

இறங்கும் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்துப் பாருங்கள். சாயா நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. வெள்ளம் தேங்கிய ரோட்டில் ஓட்டிய வண்டிக்கு, பெட்டியின் மேலுள்ள காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கலாம். அப்படி ஓட்டியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் மாவு போன்ற கரும்பசை ஒட்டியிருப்பது சகஜம். கையில் குத்துகிற இரும்புத் துணுக்கு கிடைத்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, டிரெயினை மூடிவிட்டு ஊற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஃபில்லர் ஓட்டையின் விளிம்பு வரை வந்து மெல்ல வழிந்தால் அளவு சரி. சிலதில் லிட்டர் அளந்துதான் ஊற்ற வேண்டும், அதுவும் புத்தகத்தில் இருக்கும்.

பழைய ஆயிலை ஓடையிலோ குளத்தங்கரையிலோ கொட்டாதீர்கள். அதே டப்பாவில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, சொட்டு விழுகிறதா என்று பாருங்கள்.