கனடாவில் கைபேசி மாற்றியபின் டேட்டா வரவில்லையா: புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவுக்கு வந்து சேரும் நம்மவர்களில் பலர் முதல் சில வாரங்களுக்குள் கைபேசியை மாற்றுகிறார்கள். சிலர் ஊரிலிருந்து புதிதாக வாங்கி வந்த பேசியில் இங்குள்ள சிம்மைப் போடுகிறார்கள். வேறு சிலர் இங்கேயே மாதத் திட்டத்தோடு சேர்த்து ஒன்றை வாங்கி, பழையதில் இருந்த அனைத்தையும் அதற்கு மாற்றுகிறார்கள். இரு சாராரும் சொல்லும் தொல்லை ஒன்றுதான்: வீட்டில் வைஃபையில் எல்லாம் ஓடுகிறது, பேருந்து நிறுத்தத்துக்கு வந்தவுடன் வாட்ஸ்அப் செய்தி கடிகாரக் குறியோடு நின்றுவிடுகிறது, வரைபடம் திறக்க மறுக்கிறது. வேலைக்கான நேர்காணலுக்கு முகவரி தேடிக்கொண்டு போகும் ஒருவருக்கு இது சிறிய தொல்லை அல்ல. ஆனாலும் பதற்றத்தில் பேசியை முழுமையாக அழித்துவிடவோ, இன்னொரு பேசி வாங்கவோ வேண்டாம். கோளாறு கணக்கில் இருக்கலாம், சிம்மில் இருக்கலாம், பேசியின் அமைப்பில் இருக்கலாம், அல்லது அந்தப் பேசி இந்த நாட்டின் அலைவரிசைகளுக்கு ஏற்றதாக இல்லாமலிருக்கலாம். எது என்று தெரிந்துகொண்ட பின் கை வைப்பதே நல்லது.

அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி, சிம்மை எடுத்து, இங்கே நன்றாக வேலை செய்யும் வேறொரு பேசியில் போட்டுப் பார்ப்பதுதான். அங்கும் டேட்டா வரவில்லையென்றால் குறை உங்கள் பேசியில் இல்லை. கணக்கில் பணம் தீர்ந்திருக்கும், திட்டத்தில் டேட்டாவே சேர்ந்திருக்காது, அல்லது சிம் பழுதாகியிருக்கும். அங்கே டேட்டா வந்தால் உங்கள் பேசிக்குள்தான் தேட வேண்டும். இதற்காகவே, புதியது சரியாக ஓடும்வரை பழைய பேசியை விற்காமலும் அழிக்காமலும் வைத்திருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அட்டையாக இல்லாமல் பேசிக்குள்ளேயே பதியப்படும் இ-சிம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை அவ்வளவு எளிதல்ல; அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குறை பேசிக்குள்தான் என்றால், முதலில் இரண்டு சிம் விஷயத்தைப் பாருங்கள். வங்கி ஓடிபிக்காக ஊர்ச் சிம்மையும் நம்மில் பெரும்பாலோர் அதே பேசியில் வைத்திருக்கிறோம். பேசி மாற்றும்போது டேட்டாவுக்கான சிம் எது என்ற தேர்வு, நம் கவனத்துக்கு வராமலே ஊர்ச் சிம்முக்குப் போயிருக்கலாம். மேலே சமிக்ஞைக் கோடுகள் முழுமையாகத் தெரிந்தாலும் இணையம் வராததற்கு இது ஒரு வழக்கமான காரணம்; ரோமிங்கும் திறந்திருந்தால் இணையம் வரும், கூடவே ஊர்க் கணக்கிலிருந்து பணமும் போகும். சிம் அமைப்புகளுக்குள் சென்று டேட்டாவுக்குக் கனடிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஊர்ச் சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மூடுங்கள். இரண்டு சிம்முக்கும் டேட்டாவை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். ஊர்ச் சிம்மின் டேட்டா ரோமிங்கை மூடுவதால் ஓடிபி குறுஞ்செய்தி நின்றுவிடாது. கனடிய சிம்முக்கான ரோமிங் தனிப் பொத்தான். சில சிறிய நிறுவனங்கள், தங்கள் கோபுரம் இல்லாத ஊர்களில் வேறு நிறுவனத்தின் கோபுரத்தின் வழியாகச் சேவை தருகின்றன; அங்கே கனடிய சிம்மின் ரோமிங் திறந்திருந்தால்தான் டேட்டா வரும்.

அடுத்தது ஏபிஎன். உங்கள் பேசி எந்த வாசல் வழியாக நிறுவனத்தின் இணையத்துக்குள் நுழைய வேண்டும் என்பதைச் சொல்லும் பெயர் அது. இங்கே வாங்கிய பேசிகளில் சிம்மைப் போட்டவுடன் தானாக அமைந்துவிடும். வெளிநாட்டில் வாங்கியவற்றில் வெறுமையாகவோ தவறாகவோ இருக்கக்கூடும். ஆண்ட்ராய்டில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து, முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவரும் தேர்வை அழுத்திப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், உங்கள் நிறுவனம் தன் உதவிப் பக்கத்தில் தந்திருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும், பரிந்துரைத்த சொல்லைத் தொட்டால் அதன் பின்னால் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் டேட்டா வராது. சேமிப்பதற்கு முன் சொல்லின் கடைசியில் விரலை வைத்து, இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து அழித்துவிடுங்கள். சேமித்த பின் அந்தப் பெயருக்கு எதிரே இருக்கும் வட்டத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கவும் மறவாதீர்கள். ஐபோனில், பழைய பேசியில் எப்போதோ நிறுவிய கட்டமைப்புக் கோப்பு (பழைய ஏபிஎன்னையே பிடித்துவைக்கக்கூடியது) ஏதும் கூடவே வந்திருக்கிறதா என்று, பொது அமைப்புகளுக்குள் விபிஎன் மற்றும் சாதன மேலாண்மை என்ற பகுதியில் பாருங்கள்.

பழைய பேசியிலிருந்து சேர்ந்து வந்த விபிஎன் செயலி (இணையத்தை வேறொரு வழியாகத் திருப்பிவிடுவது), டேட்டா சேமிப்பு முறை, தனிப்பட்ட டிஎன்எஸ் (இணையதளப் பெயர்களைத் தேடித்தரும் சேவைக்கான அமைப்பு) ஆகியவற்றையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். விமானப் பயன்முறையைப் போட்டு எடுப்பதும், பேசியை அணைத்து மீண்டும் தொடங்குவதும் எல்லோரும் அறிந்தவை.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் டேட்டா வரவில்லை, அல்லது வெளியே வந்து வீட்டுக்குள் வரவில்லை என்றால், அலைவரிசையைச் சந்தேகிக்க வேண்டும். இதைக் கடைக்காரர்கள்கூடப் பொறுமையாக விளக்குவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தியாவில் 4ஜி பெரிதும் ஓடுவது 1800, 2300 மெகாஹெர்ட்ஸில், அதாவது பேண்ட் 3, பேண்ட் 40 ஆகியவற்றில். கனடாவில் நகரங்களின் சுமையைத் தாங்குபவை பேண்ட் 2, 4, 66, 7; சுவர்களைக் கடந்தும் தொலைவுக்கும் எட்டுபவை 700 மெகாஹெர்ட்ஸில் உள்ள பேண்ட் 12, 13, 17, மற்றும் 600 மெகாஹெர்ட்ஸில் உள்ள பேண்ட் 71. ஊரில் விற்கும் நடுத்தர விலைப் பேசிகள் பலவற்றில் இந்தத் தாழ்ந்த அலைவரிசைகள் இருப்பதில்லை. டொராண்டோ பகுதியிலுள்ள ஸ்கார்பரோவிலும் பிராம்டனிலும் புதிதாக வருகிறவர்கள் பலர் பேஸ்மென்டில், அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்தில்தான் குடியேறுகிறார்கள். தெருவில் நன்றாக ஓடிய பேசி, படியிறங்கியதும் சேவை இல்லை என்று காட்டுவதற்கும், அதே அறையில் இங்கே வாங்கிய இன்னொருவரின் பேசி ஓரளவு ஓடுவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஆகவே உங்கள் பேசியின் சரியான மாதிரி எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் பேசிக்கே நாட்டுக்கு நாடு மாதிரி எண்ணும் அலைவரிசைகளும் மாறும். *#06# என்று அழைத்தால் ஒவ்வொரு பேசிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ திரையில் தோன்றும்; அதைத் தங்கள் இணையதளத்தில் பதிந்து பொருத்தம் பார்க்கும் வசதியைச் சில நிறுவனங்கள் தருகின்றன. அலைவரிசை இருப்பது மட்டும் போதாது. நிறுவனம் ஏற்றுக்கொண்ட மாதிரிகளுக்கு மட்டுமே 5ஜி, வோல்டி (4ஜி வழியாகவே குரல் அழைப்பு பேசும் வசதி) ஆகியவற்றைத் திறந்துவிடுவதும் உண்டு. 3ஜி சேவையை இங்கே மூடி வருகிறார்கள். வோல்டி திறக்காத பேசியில் டேட்டா ஓடினாலும், அவசர எண்ணான 911 உட்பட அழைப்புகள் போகாத நிலை வரலாம். அத்தகைய பேசியை முதன்மைப் பேசியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இன்னும் புறப்படாதவர்கள் புதுப் பேசியை இங்கே வந்து வாங்குங்கள். 2017 டிசம்பர் 1 முதல் கனடாவில் விற்கும் பேசிகள் பூட்டின்றியே விற்கப்பட வேண்டும் என்பது விதி. எந்த நிறுவனத்தின் சிம்மையும் அவற்றில் போடலாம்.

பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கு வைஃபை காலிங், அதாவது வைஃபை வழியாகவே சாதாரண அழைப்புகளைப் பேசும் வசதி, பெரிய உதவி. உங்கள் பேசியும் நிறுவனமும் அதற்கு இடம் தருமானால் உடனே திறந்துவையுங்கள். அவசர அழைப்புக்கான முகவரியை அது கேட்கும். வாடகை வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அந்த முகவரியையும் மாற்றுங்கள். ஆம்புலன்ஸ் பழைய வீட்டுக்குப் போய் நிற்கக் கூடாது.

இனி இ-சிம். 2025-இல் வந்த ஐபோன் 17 வரிசையில், கனடாவில் விற்பவற்றுக்குச் சிம் தட்டே கிடையாது; ஆகவே இ-சிம்மைத் தவிர்க்க முடியாத காலம் வந்துவிட்டது. மாற்றத் தொடங்கும் முன் நல்ல வைஃபையில் இருங்கள். நிறுவனத்தின் கணக்குக்குள் முன்னதாகவே நுழைந்துவையுங்கள். இல்லையென்றால் நுழைவுக்கான குறியீடு, பாதி மாறிய நிலையில் இருக்கும் அதே எண்ணுக்குப் போகும், அதைப் படிக்க உங்களிடம் பேசி இருக்காது. இ-சிம்மை ஏற்ற நிறுவனம் தரும் கியூஆர் குறியீடு பெரும்பாலும் ஒருமுறை மட்டுமே செல்லும் என்பதால், டேட்டா வரவில்லை என்ற கோபத்தில் இ-சிம்மை நீக்கிவிட வேண்டாம். நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் அழிக்கும் தேர்வைப் பயன்படுத்தலாம். அது வைஃபை கடவுச்சொற்களையும் புளூடூத் இணைப்புகளையும் மறந்துவிடும், படங்களைத் தொடாது. இ-சிம்மையும் அழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியச் சிம்மை இ-சிம்மாக மாற்றுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: சிம் மாறிய பின் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது, ஓடிபியும் வராது. வீட்டுக் கடன் தவணையோ பணம் அனுப்ப வேண்டிய அவசரமோ இருக்கும் நாளில் அதைச் செய்யாதீர்கள்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லையென்றால் நிறுவனத்தை அழையுங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், வேறு பேசியில் போட்டபோது என்ன நடந்தது என்பதைச் சொன்னால், முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்யச் சொல்லி நேரத்தைக் கடத்த மாட்டார்கள். பேசியோடு ஒப்பந்தம் எடுத்திருந்தால், சேவை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 15 நாள் சோதனைக் காலம் உண்டு. அளவுக்கு மீறிப் பயன்படுத்தாமல் பேசியை நல்ல நிலையில் திருப்பிக் கொடுத்தால் அபராதமின்றி விலகலாம். எனவே பேசியை வாங்கிய முதல் வாரத்திலேயே வீட்டிலும், வேலையிடத்திலும், போகும் வழியிலும் டேட்டாவைச் சோதித்துவிடுங்கள். நிறுவனம் தீர்வு தராவிட்டால் சிசிடிஎஸ் என்ற தொலைத்தொடர்புப் புகார் ஆணையத்திடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு முன் நிறுவனத்திடம் நேரடியாகப் புகார் செய்திருக்க வேண்டும். ஆகவே பேசிய தேதியையும், அவர்கள் தந்த புகார் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.