டோக்கியோவில் அறை தேடிய மூன்று நாட்கள்

எந்தப் பகுதியில் தங்குவது என்று பார்ப்பதிலேயே மூன்று நாட்கள் வீணாயின. முதலில் ஷின்ஜுகுவில், நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்றிருந்த விடுதியை எடுத்தேன்; அந்நிலையத்துக்கு இருநூறு வாயில்கள் இருப்பதும், ஐந்து நிமிடக் கணக்கு விடுதிக்கு மிக அருகிலுள்ள வாயிலிலிருந்து என்பதும் பிறகே தெரிந்ததால், அம்மாவின் முழங்காலை எண்ணி அதை ரத்து செய்தேன். வாடகை குறைந்த புறநகரும் சரிப்படவில்லை. நள்ளிரவோடு ரயில்கள் நின்றுவிடும்.

பிறகு பகுதியை விட்டு ரயில் தடத்தைப் பார்த்தேன். அசாகுசா தடத்தில் நரிதா, ஹனேடா ஆகிய இரு விமான நிலையங்களுக்குமே வண்டி மாறாமல் செல்லும் ரயில்கள் உண்டு என்பதால், அசாகுசாவிலேயே அறை எடுத்தேன். சுகுபா எக்ஸ்பிரஸ் என்ற வேறொரு ரயில் தடத்துக்கும் அசாகுசா என்ற அதே பெயரில், சற்றுத் தள்ளித் தனி நிலையம் இருப்பதால் பெயரை நம்பாமல் நிலைய எண்ணைப் பார்த்தேன். நமக்கு வேண்டியது ஏ-18.