ஆனை வந்த இரவைப் பிள்ளையிடம் கேட்பது எப்படி

வெள்ளம், விபத்து, வளவுக்குள் ஆனை: எதுவென்றாலும் பிள்ளை முதற்தரம் சொல்வதே பெறுமதியானது. ஒரு கொப்பியில் திகதி, நேரம், பக்கத்தில் இருந்தவர்கள், பிள்ளையின் சொற்கள் எல்லாம் எழுதுங்கள். "பெரிசு வந்து வாழையை முறிச்சது" என்றால் அப்படியே. நீங்கள் கேட்ட கேள்வியையும் எழுதுங்கள். பலர் விடுவது அதைத்தான்.

தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்: "தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லு. நான் பிழையாச் சொன்னாத் திருத்து." பழக்கத்துக்கு நேற்றுப் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல விடலாம். பிறகு, "இரவு நடந்ததை முதலிலயிருந்து சொல்லு ராசா." பிள்ளை நின்றால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அதன்பின் "பிறகு?" அல்லது "கதவெண்டாய், அதைப் பற்றி இன்னும் சொல்லு." அவ்வளவு போதும்.

எங்கள் பேச்சில் மோசமான கேள்வி "எல்லே" (அல்லவா) என்று முடிவது. "ஆனை கதவை இடிச்சதெல்லே?" என்றால் ஐந்து வயதுப் பிள்ளை "ஓம்" என்றுவிடும், நாளைக்குக் கதவு இடிபட்டது அதன் ஞாபகத்திலேயே இருக்கலாம். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டாலும் முதற் பதில் பிழையாக்கும் என்று நினைத்து மாற்றிச் சொல்லும். அம்மம்மா, மாமி, ரீச்சர் என்று ஆளாளுக்குக் கேட்காமல் ஒருவரே கேளுங்கள்.

எந்த நாள், எத்தனை மணி என்று கேட்க வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னமோ பின்னமோ, விதைப்போ அரிவு வெட்டோ என்று பொருத்திக் கேட்கலாம்.

காலம் போக என்ன மாறும்? நடுச்சம்பவம் பெரும்பாலும் நிற்கும். ஓரங்கள், நேரம், யார் எங்கே நின்றார் என்பவை நகரும். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிக்கூடமொன்றில் நடந்த துப்பாக்கிச்சூட்டின்போது அங்கே இல்லாத பிள்ளைகள் சிலர், தாங்கள் கிட்ட நின்றதாகப் பிறகு சொன்னார்கள். கிட்ட நின்ற சிலர் தூரத்தில் நின்றதாகச் சொன்னார்கள். இரண்டும் பொய்யல்ல. 1992இல் அமெரிக்காவைத் தாக்கிய அன்ட்ரூ சூறாவளியின்போது மூன்று, நான்கு வயதாயிருந்த பிள்ளைகளோ ஆறு வருடத்துக்குப் பிறகு, முதற்தரம் சொன்னதைவிட இரு மடங்குக்கு மேல் விபரம் சொன்னார்கள். சொல் வளர்ந்திருந்தது, வீட்டிலும் பேசியிருப்பார்கள். ஆகவே விபரம் கூடினால் புளுகென்றோ உண்மையென்றோ முடிவெடுக்காமல் பழைய கொப்பியோடு ஒப்பிடுங்கள். 2009இல் கைக்குழந்தையாயிருந்தவர் முள்ளிவாய்க்காலை விபரமாகச் சொன்னால், அது அனேகமாகக் கேட்ட கதை. உடம்பிலுள்ள பயம் வேறு விசயம்.

பிள்ளை விறைத்தால், அழுதால் நிறுத்துங்கள். ஒரு மாதம் கடந்தும் நித்திரை குழம்பினால் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். யாரோ பிள்ளைக்குத் தீங்கு செய்ததாகத் தெரிந்தால் மேற்கொண்டு விசாரிக்காமல், இலங்கையின் சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணான 1929க்கு அழையுங்கள். விசாரிக்க வருபவர்களிடம் கொப்பியைத் திருத்தாமல் கொடுங்கள்.